காவலுக்கு வந்த விமானி: வில்லியம் ஆண்டர்ஸ் (1933–2024)

அரியலூரிலிருந்து திருச்சிக்குச் செல்லும் ரயில் கல்லகத்தை அடைவதற்கு முன் மருதையாற்றுப் பாலத்தைக் கடக்கிறது. கடக்கச் சில வினாடிகளே ஆகும். பெரும்பாலான பயணிகள் கவனிப்பதில்லை. 1956 நவம்பர் 23 அதிகாலையில், பெருமழையில் பெருகிய இந்த ஆறு பாலத்தின் தாங்குதிறனைத் தின்றுவிட்டிருந்தபோது, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவுவண்டி அதன்மீது ஏறியது. இஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் வீழ்ந்தன. இறந்தோர் ஏறத்தாழ நூற்றைம்பது பேர். அவ்வாண்டில் முன்னதாக நிகழ்ந்த மெகபூப்நகர் விபத்தின்போதே பதவி விலக முன்வந்து, நேருவால் தடுக்கப்பட்ட ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி, அரியலூருக்குப் பிறகு விலகியே விட்டார். நம் ஊரின் பெயர் இந்திய அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது இப்படித்தான்.

சாஸ்திரியின் விலகலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதனினும் முக்கியமான வேறொன்றை யாரும் நினைப்பதில்லை. ரயில் ஓட்டுகிறவர்களே ரயிலின் பாதுகாப்புக்குச் சான்று வழங்கக்கூடாது என்ற கொள்கையின்படி, 1941ஆம் ஆண்டிலேயே ரயில்வே ஆய்வாளர்கள் ரயில்வே வாரியத்தின் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, அஞ்சலும் வான்வழியும் சார்ந்த துறையின்கீழ் வைக்கப்பட்டனர். 1961இல் அந்த அமைப்பு ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்று பெயர் பெற்றது. பிற்பாடு அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் சென்றது. வண்டியை ஓட்டுபவன் ஒருவன், வண்டியைச் சோதிப்பவன் வேறொருவன் என்பதே அதன் சாரம். இந்த எளிய நெறியை அணுசக்தித் துறையில் நடைமுறைப்படுத்த அமெரிக்காவுக்கு 1975 வரை ஆயிற்று. அவ்வாறு உருவான காவல் அமைப்பின் தலைமைக்கு முதன்முதலில் அமர்த்தப்பட்டவர் ஒரு போர் விமானி, அணுக்கருப் பொறியாளர், நிலவைச் சுற்றிவந்த முதல் மூவரில் ஒருவர். அவர் எடுத்த ஒரு புகைப்படத்தை உலகமே அறியும்; அவர் வகித்த அந்தப் பதவியை அறிந்தோர் சிலரே. நாம் இங்கே எழுத விரும்புவது அந்தச் சிலருக்குள் இன்னும் சிலரைச் சேர்ப்பதற்காக.

வில்லியம் ஆண்டர்ஸ் 1933 அக்டோபர் 17 அன்று ஹாங்காங்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆண்டர்ஸ் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. யாங்சி ஆற்றில் ரோந்து சென்ற ‘பனாய்’ என்ற பீரங்கிப் படகில் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்தவர். 1937 டிசம்பர் 12 அன்று, நான்கிங் நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்துகொண்டிருந்த வேளையில், ஜப்பானிய விமானங்கள் அப்படகின்மீது குண்டு வீசின. அமெரிக்கா அன்று போரில் இல்லை; படகின்மேல் அமெரிக்கக் கொடி வரையப்பட்டிருந்தது. தலைவர் படுகாயமுற்று வீழ, ஆர்தர் ஆண்டர்ஸ் பொறுப்பேற்றார். தொண்டையில் குண்டுச்சிதறல் பாய்ந்து பேச்சிழந்த நிலையில், கட்டளைகளைப் பென்சிலால் எழுதிக்காட்டியே படகைக் கைவிடும்வரை நடத்தினார். மகனுக்கு அப்போது நான்கு வயது. வானத்திலிருந்து வரும் அழிவும், பொறுப்பேற்றவன் பேச இயலாதபோதும் பொறுப்பை விடாமலிருப்பதும் அக்குடும்பத்தின் முதற்கதைகளாக இருந்திருக்கும்.

மகனும் கடற்படைக் கல்லூரியிலேயே பயின்றார். 1955இல் பட்டம் பெற்றதும் கடலைவிட்டு வானைத் தேர்ந்தார். அமெரிக்க விமானப்படைக்கான தனிக் கல்லூரியிலிருந்து அப்போது முதல் அணிகூட வெளிவரவில்லை. ஆகவே கடற்படைக் கல்லூரி மாணவர்கள் விரும்பினால் விமானப்படைக்குச் செல்ல வழி இருந்தது. அதே ஆண்டில் வாலரியை மணந்தார். 1956இல் விமானிச் சிறகு பெற்று, கலிபோர்னியாவிலும் ஐஸ்லாந்திலும் இடைமறிப்புப் படையணிகளில் பணியாற்றினார். வட அட்லாண்டிக் வான்வெளியில் தென்படும் சோவியத் நெடுந்தொலைவுக் குண்டுவீச்சு விமானங்களை எதிர்கொண்டு அருகே பறந்து கண்காணித்துத் திரும்புவது வேலை. பனிப்போர் என்பது ஏடுகளில் ஒரு சொல். அந்த விமானிகளுக்கு அது கண்ணாடிக்கு அப்பால் தெரியும் இன்னொரு விமானியின் முகம்.

ஆண்டர்ஸின் ஆசை சோதனை விமானியாவது. அதற்கான பள்ளியில் சேர உயர்பட்டம் இருந்தால் நல்லது என்று அறிந்து, விமானப்படைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அணுக்கருப் பொறியியல் பயின்று 1962இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்று வருவதற்குள் அப்பள்ளியின் அளவுகோல் மாறிவிட்டது. பறந்த மணிக்கணக்கே பெரிதாகிவிட்டது. அவர் நியூ மெக்சிகோவில் இருந்த விமானப்படை ஆயுத ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டார். அணுவுலைகளின் கதிர்த்தடுப்பும் கதிரியக்க விளைவுகளும் அவர் பொறுப்பாயின.

கதிர்த்தடுப்பு என்பதைச் சற்று விளக்க வேண்டும். அணுவுலையிலிருந்து வெளிப்படுவனவற்றுள் தடுக்கக் கடினமானவை இரண்டு. காமாக் கதிரைத் தடுக்க ஈயம் போன்ற கனமான பொருள் வேண்டும். நியூட்ரானைத் தடுக்கக் கனம் உதவாது. தன் எடைக்கு இணையான ஹைட்ரஜன் அணுக்கருவோடு மோதினால்தான் அதன் வேகம் தணியும். அதனால் நீர் வேண்டும். இரண்டையும் ஓரளவு தன்னுள் கொண்ட மலிவான பொருள் கான்கிரீட். அணுவுலைகளைச் சுற்றித் தடித்த கான்கிரீட் சுவர் எழுப்புவதன் காரணம் இதுவே. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துச் சிமெண்ட் ஆக்குவதையே தொழிலாகக் கொண்ட அரியலூர்க்காரருக்கு, உலகின் மிகப் புதிய அபாயத்தை மிகப் பழைய கடலடிப் படிவமே தடுக்கிறது என்பது சிந்திக்கத் தக்க செய்தி. ஆனால் விமானத்தில் கான்கிரீட் சுவரை ஏற்ற முடியாது. வானில் பறக்கும் மனிதனைக் கதிரியக்கத்திலிருந்து எப்படிக் காப்பது என்ற வினாவுடன்தான் ஆண்டர்ஸ் விண்வெளித் துறைக்குள் நுழைந்தார்.

விண்வெளி வீரராகச் சோதனை விமானியாக இருந்திருக்க வேண்டியதில்லை என்ற அறிவிப்பை அவர் வானொலியில் கேட்டார். விண்ணப்பித்தார். 1963 அக்டோபரில் தேர்வான பதினால்வருள் ஒருவரானார். இங்கே நம்மவர் ஒருவரின் நினைவு வருவதைத் தவிர்க்க இயலாது. 1958இல் விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் சென்று, எட்டுப் பேரை எடுத்த இடத்தில் ஒன்பதாவதாக வந்து திரும்பிய அப்துல் கலாம், பின்னர் ஏவுகணைப் பொறியாளராகி, 1998 பொக்ரான் சோதனையில் முன்னின்றார். 2006இல் குடியரசுத் தலைவராகச் சுகோய் போர் விமானத்தில் பறந்து பழைய ஏக்கத்தைத் தீர்த்துக்கொண்டார். ஒருவருக்கு மூடிய கதவு இன்னொரு கதவைத் திறந்தது என்று இருவர் கதையையும் சொல்லிவிடலாம். ஆனால் வேறுபாடு உண்டு. கலாம் ஆயுதத்தைச் செய்யும் பக்கத்திலேயே நின்றவர். ஆண்டர்ஸ் ஒரு கட்டத்தில் அத்தொழிலைச் சோதிக்கும் பக்கத்துக்கு வந்தார்.

நாசாவில் அவருக்கு ஒப்படைக்கப்பட்டவை கதிரியக்க அளவீடும் விண்கலத்தினுள் சூழல் கட்டுப்பாடும். பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்ப் பட்டைகளைக் கடக்கும் மனிதன் எவ்வளவு கதிரியக்கத்தை ஏற்பான் என்பது அன்று கணக்கில் மட்டுமே தெரிந்த ஒன்று. 1968 டிசம்பர் 21 அன்று ஃபிராங்க் போர்மன், ஜேம்ஸ் லவல் ஆகியோருடன் அப்பல்லோ 8இல் ஏறி, அப்பட்டைகளை முதன்முதலில் கடந்த மனிதருள் அந்தக் கணக்கறிந்த ஆண்டர்ஸும் இருந்தார். அவர்கள் ஏற்றது சராசரியாக 0.16 ராட் மட்டுமே; உயிருக்கு ஊறு செய்யாத சிற்றளவு. விரைந்து கடந்ததே காப்பு. ஆண்டர்ஸ் பயிற்சி பெற்றது நிலவில் இறங்கும் கலத்தை ஓட்டுவதற்கு. அக்கலம் உரிய காலத்தில் ஆயத்தமாகாததால், அது இல்லாமலேயே நிலவைச் சுற்றிவர முடிவாயிற்று. ஓட்டக் கலமில்லாத அவருக்கு நிழற்படம் எடுக்கும் பணி வந்து சேர்ந்தது.

டிசம்பர் 24. நிலவை நான்காம் முறையாகச் சுற்றும்போது போர்மன் கலத்தைத் திருப்ப, பக்கச் சாளரத்தில் நீலமாய் ஒன்று எழுவதை ஆண்டர்ஸ் கண்டார். பயணத் திட்டத்தில் அதற்கு இடமில்லை. படமெடுக்க வேண்டியது நிலவின் தரை. முதலில் கறுப்பு வெள்ளையில் ஒன்று எடுத்தார். பிறகு லவலிடம் வண்ணப் படச்சுருளை அவசரமாகக் கேட்டு வாங்கி, ஹாசல்பிளாட் கேமராவில் செருகி, 250 மில்லிமீட்டர் ஆடியுடன் எடுத்தார். சாம்பல்நிறத் தரைக்கு மேலே, கறுப்பு வெளியில், பாதி ஒளியும் பாதி நிழலுமாய்ப் பூமி. எடுத்தவர் யார் என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. 2013இல் நாசா ஒலிப்பதிவுகளையும் நிலவின் தரைப்படங்களையும் ஒப்பிட்டு உறுதி செய்தது.

அப்போது உலகப் பொது நேரம் மாலை 4.39. இந்தியாவில் இரவு பத்து மணி கடந்து சில நிமிடங்கள். மானுடம் முழுவதையும் ஒரே சட்டகத்தில் காட்டியதாகப் போற்றப்படும் அந்தப் படத்தில் ஒளியுற்றிருப்பது அட்லாண்டிக்கும் அதன் இரு கரைகளும், ஆப்பிரிக்காவில் அந்தி. நாம் அதில் இல்லை. அன்று திருச்சி மாவட்டத்தின் வட்டங்களாக இருந்த பெரம்பலூரும் அரியலூரும் மார்கழி இரவின் இருளில், உருண்டையின் மறுபுறத்தில் இருந்தன.

மறுநாள், 25ஆம் தேதி, இந்திய நேரப்படி முற்பகலில் அப்பல்லோ 8 நிலவின் சுற்றுப்பாதையை விட்டுப் பூமியை நோக்கித் திரும்பியது. அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்த அந்த இரவில்தான், கொள்ளிடத்துக்குத் தெற்கே அன்றைய கீழத்தஞ்சையில், கீழ்வெண்மணி என்னும் ஊரில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையினுள் வைத்து எரிக்கப்பட்டனர். அவர்களில் மிகுதியானோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இரு நிகழ்வுகளுக்கும் காரண காரியத் தொடர்பு ஏதுமில்லை. நாட்காட்டி மட்டுமே அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஆயினும் எல்லைக்கோடுகள் இல்லாத ஒரே பூமி என்று அந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்ட ஆயிரம் கட்டுரைகளுள் ஒன்றையேனும் தமிழில் எழுதுகிறவர், அதே இரவில் நம் மண்ணில் இருந்த கோட்டையும் குறிப்பிடக் கடமைப்பட்டவர். தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரிவது, அருகில் ஒன்றாக இருப்பதற்குச் சான்றாகாது.

அந்தக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் நிலவின் சுற்றுப்பாதையிலிருந்து மூவரும் விவிலியத்தின் படைப்புக் காதையை வாசித்தனர். தொடங்கியவர் ஆண்டர்ஸ். அவர் கத்தோலிக்கர். வியப்பு என்னவெனில், கேட்டவர்களில் பலருக்கு நம்பிக்கையை வளர்த்த அந்தப் பயணம் வாசித்தவரின் நம்பிக்கையைக் கரைத்தது. இத்துணைச் சிறிய உருண்டையே பிரபஞ்சத்தின் நடுநாயகம் என்பதைத் தம்மால் அதன்பின் ஏற்க முடியவில்லை என்று முதுமையில் அவர் வெளிப்படையாகவே கூறினார். பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் கல்லாய்க் கிடக்கும் மரத்தைக் கண்டவருக்கு இந்த மனநிலை புதிதன்று. 1940இல் மண்ணியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கவனத்துக்குக் கொண்டுவந்த அந்த மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது எனப்படுகிறது. ஆண்டர்ஸ் இடத்தின் பெருமையைக் கண்டு சிறுத்தார். சாத்தனூரில் நாம் காலத்தின் பெருமையைக் கண்டு சிறுக்கிறோம்.

நிலவிலிருந்து வந்தவர் அதன்பின் விண்வெளிக்குச் செல்லவில்லை. விண்வெளி, வான்வெளிக் கொள்கைகளுக்கான தேசிய மன்றத்தின் செயலாளராக 1969 முதல் பணியாற்றினார். 1973 ஆகஸ்டில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினரானார். நம் கதையின் மையம் இங்கே தொடங்குகிறது.

1946இல் சட்டப்படி அமைந்த அந்த ஆணையத்துக்கு 1954 முதல் இரண்டு வேலைகள் இருந்தன. அணுமின்சாரத்தை வளர்ப்பது ஒன்று. அது பாதுகாப்பானதா என்று சோதித்து உரிமம் வழங்குவது மற்றொன்று. ஒரே கை விதைக்கவும் களையெடுக்கவும் வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில், உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் உண்மையில் வேலை செய்யுமா என்று ஆணையத்தின் ஆய்வாளர்களே ஐயம் தெரிவித்தபோது, வளர்க்கும் கை சோதிக்கும் கையை அழுத்துகிறது என்பது வெளிப்பட்டது. 1974இல் சட்டம் இயற்றி ஆணையத்தை இரண்டாகப் பிளந்தனர். ஆராய்ச்சியும் வளர்ச்சியும் ஒரு நிறுவனத்துக்குச் சென்றன. உரிமமும் கண்காணிப்பும் அணுசக்தி ஒழுங்காற்று ஆணையம் என்னும் புதிய அமைப்பிடம் வந்தன. 1975 சனவரி 19 அன்று அது செயல்படத் தொடங்கியபோது தலைவர், வில்லியம் ஆண்டர்ஸ்.

இரண்டே மாதத்தில் சோதனை வந்தது. மார்ச் 22 அன்று அலபாமா மாநிலத்தின் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், கேபிள்கள் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்களில் காற்று கசிகிறதா என்று பணியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். பார்த்த முறை: மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பிடித்து, சுடர் எப்பக்கம் சாய்கிறது என்று நோக்குவது. துளையை அடைக்கப் பயன்பட்ட நுரைப்பொருளில் சுடர் பற்றிக்கொண்டது. ஏறத்தாழ ஏழு மணி நேரம் எரிந்த தீயில் 1600க்கு மேற்பட்ட கேபிள்கள் சேதமுற்றன. முதல் உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் செயலிழந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று என்று இரட்டை இரட்டையாக அமைக்கப்பட்ட காப்புகளின் கம்பிகள் அனைத்தும் ஒரே வழியாகச் சென்றதால், ஒரே தீ எல்லாவற்றையும் தீண்டியது. மின்கேபிள் தீ என்பதால் நீரூற்றத் தயங்கினர். இறுதியில் ஊற்றியதும் விரைவில் அணைந்தது. மாற்று வழிகளைக் கையாண்டு உலையைக் குளிர்வித்துவிட்டனர், கதிரியக்கம் வெளியேறவில்லை. இத்தீயின் படிப்பினையிலிருந்து பிறந்த விரிவான தீக்காப்பு விதிகள் 1980இல் வெளியிடப்பட்டன.

இந்தியாவுக்கும் அந்த நாற்காலிக்கும் தொடர்பு உண்டு. தாராப்பூரின் இரு உலைகளையும் அமைத்துக் கொடுத்தது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம். 1969இல் அவை இயங்கத் தொடங்கின. அவற்றுக்கான செறிவூட்டிய யுரேனியத்தை 1963ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அமெரிக்காவே தரவேண்டும். 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நிகழ்த்தியது. எரிபொருள் ஏற்றுமதிக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு பின்னர் புதிய ஆணையத்திடம் வந்தது. 1976இன் தொடக்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்புகள் தாராப்பூர் ஏற்றுமதியை எதிர்த்து ஆணையத்தின்முன் மனுச்செய்தன. அவ்வாண்டு ஏப்ரலில் ஆண்டர்ஸ் பதவியிலிருந்து நீங்கினார். வழக்கு அவருக்குப் பின் வந்தோரிடம் சென்றது. ஆண்டுகள் நீண்ட இழுபறிக்குப் பின் 1982இல் பிரான்ஸ் எரிபொருள் தர இசைந்தது.

அடுத்து நார்வேயில் தூதராக ஓராண்டு. 1977இல் ஆண்டர்ஸ் சேர்ந்த இடம்: ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அணுக்கருப் பொருள் பிரிவு. பதவி: துணைத் தலைவர், பொது மேலாளர். எந்தத் தொழிலைச் சோதிக்கும் அமைப்புக்கு முதல் தலைவராக இருந்தாரோ, அந்தத் தொழிலின் முதன்மை நிறுவனம் ஒன்றில் இருபது மாதத்துக்குள் உயர் அலுவலர். சட்டம் இதைத் தடுக்கவில்லை. தவறு நிகழ்ந்ததாகவும் நாம் சொல்லவில்லை. ஆனால் காவல்காரனும் பண்ணைக்காரனும் ஒரே பந்தியில் உண்டால், களத்திலிருப்போர் காவலை நம்புவது எவ்வாறு? அந்த வினாவுக்கு அவர் வாழ்வில் விடையில்லை. பின்னாளில் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தின் தலைவரான அவர், எஃப் 16 போர் விமானங்களைச் செய்த பிரிவையே லாக்ஹீடுக்கு விற்றார். பங்குதாரர் செழித்தனர், ஆட்குறைப்பில் தொழிலாளர் வேலையிழந்தனர். மாமனிதர் வரலாறு எழுதுவோர் இப்பக்கங்களை விரைந்து புரட்டிவிடுகின்றனர்.

நம் நாட்டுக்கு வருவோம். அணுசக்தி ஒழுங்காற்று வாரியம் இந்தியாவில் 1983 நவம்பரில் அமைந்தது. கல்பாக்கத்தின் முதல் உலை தொடர்வினை தொடங்கிய ஆண்டும் அதுவே. ஆனால் வாரியம் அமைந்தது அரசாணையால். அது விடை சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவரே அணுமின் நிலையங்களை நடத்தும் துறையின் செயலாளர். அமெரிக்கா 1974இல் பிளந்ததை நாம் 1983இல் ஒட்டியே வைத்தோம். வாரியத்துக்குத் தன்னாட்சி இல்லை என்று 2012இல் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை குறை கூறியது.

இதன் பொருளை நரோரா காட்டுகிறது. 1993 மார்ச் 31 அன்று உத்தரப்பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் சுழலியின் இரு இறகுகள் முறிந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீ கேபிள்களில் பரவ, நிலையம் முழுதும் ஏறத்தாழ பதினேழு மணி நேரம் மின்சாரமின்றி இருண்டது. பணியாளர்கள் தீயணைப்புக்கான டீசல் பம்புகளை இயக்கி நீர் செலுத்தி உலையைக் காத்தனர். அவர்கள் துணிவு போற்றுதற்குரியது. ஆனால் ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்க வேண்டிய கேபிள்கள் உரிய தடுப்பின்றி அருகருகே சென்றது, பிரௌன்ஸ் ஃபெர்ரியில் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கற்ற பாடம். மெழுகுவர்த்தி அலபாமாவில் அணைந்தது. அதன் வெளிச்சம் இங்கு வந்து சேரவில்லை. பாடங்கள் தாமாகப் பயணம் செய்வதில்லை. கேட்கும் அதிகாரமுள்ள ஒருவர், செய்பவரின் ஊதியத்தில் வாழாத ஒருவர், அவற்றைக் கொண்டுவர வேண்டும்.

ஆகவேதான் மருதையாற்றுப் பாலத்திலிருந்து தொடங்கினோம். சாஸ்திரியின் விலகல் உயர்ந்த செயல். ஆனால் அது வீழ்ந்த வண்டிக்குப் பின் வந்தது. ஆய்வாளரைத் தனியே நிறுத்திய 1941ஆம் ஆண்டின் ஏற்பாடு அலுவலகக் கோப்புகளில் உறங்கும் சலிப்பூட்டும் செய்தி. ஆனால் வண்டி வீழும்முன் வேலை செய்யக்கூடியது அதுவே. அரியலூரில் அது போதவில்லை என்பதும் உண்மை. போதாததை வலுப்படுத்தலாம், இல்லாததை என்ன செய்வது?

2024 சூன் 7 அன்று, தொண்ணூறு வயது ஆண்டர்ஸ் வாஷிங்டன் மாநிலத்தின் சான் ஹுவான் தீவுகளருகே தம் பழைய பயிற்சி விமானத்தைத் தனியே ஓட்டிச் சென்று, கடலில் வீழ்ந்து இறந்தார். போர்மன் அதற்கு முந்தைய ஆண்டு மறைந்திருந்தார். லவல் 2025 ஆகஸ்டில் மறைந்தார். நிலவின் பின்புறத்தை முதலில் கண்ட ஆறு கண்களும் மூடிவிட்டன. நிலவில் ஒரு பள்ளத்துக்கு 2018இல் ஆண்டர்ஸின் பூமி உதயம் என்று பெயரிடப்பட்டுள்ளது. நிலவைக் காணச் சென்று பூமியைக் கண்டுபிடித்ததாக அவரே சொல்வதுண்டு. அந்தப் பூமியைக் காக்கும் பணிக்கு அவர் வந்தது பதினைந்து மாதம். அப்படத்தை நாம் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதினைந்து மாதங்களையும் சேர்த்து நினைப்போமாக.